வீட்டில் குதிரை வளர்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் வரிசை கட்டி நிற்கும். கத்தியவாரி, மார்வாரி, மட்டக்குதிரை எல்லாம் வரும். வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். அப்புறம் நிறம். அப்புறம் மேளத்துக்குக் கால் எப்படித் தூக்குகிறது என்று பார்ப்பார்கள். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு.

சுழியில் நம்பிக்கை இருந்தால் தாராளமாகப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கெட்டித் தரையில் குதிரையை நேராக நடத்திக் காட்டச் சொல்லுங்கள், பிறகு மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். ஒரு முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலை மேலே எழுந்தால் அந்தக் காலில் வலி இருக்கிறது. நாலு குளம்பையும் கையால் தூக்கிப் பார்க்க விடுகிறதா, பல் தேய்மானம் சொல்லும் வயதும் விற்பவர் சொல்லும் வயதும் ஒத்துப் போகிறதா, ஓடி நின்ற பிறகு மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, இதெல்லாம் சந்தையிலேயே பார்க்கக்கூடியவை. முடிந்தால் குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

குழந்தைக்காக வாங்குகிறவர்கள் ஆறு மாதக் குட்டியாகத் தேடுவதையும் பார்க்கிறேன். ரெண்டும் சேர்ந்து வளரட்டும் என்ற ஆசைதான். ஆனால் குட்டி விளையாட்டுக்குக் கடிக்கும், உதைக்கும். அதற்கு எல்லை சொல்லித் தர அனுபவம் வேண்டும். மூன்று நான்கு வயது வரை அதன் மேல் ஏறவும் கூடாது. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய ஐந்தரை, ஆறு வயதாகும். முதன்முதலாகக் குதிரை வளர்க்கும் வீட்டுக்கு எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும், பலர் கை பட்டுப் பழகிய, சாதுவான குதிரைதான் ஏற்றது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பலருக்கும் பழக்கமான பெரிய விலங்கு மாடு. அதனால் குதிரையையும் மாட்டுக் கண்ணோடுதான் பார்க்கிறோம். அதே தீனி, அதே கொட்டகை, அதே கைவைத்தியம். குதிரை வளர்ப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. குதிரையோடு வாழ்வதில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது எதுவென்றால், எதிரே நிற்கும் உயிர் நமக்குத் தெரிந்த இன்னொன்றைப் போல இருக்கும் என்று முடிவு கட்டாமல், அதை அதாகவே பார்க்கப் பழகுவதுதான். மனிதர்களிடமும் இது எனக்கு உதவியிருக்கிறது.

தீனியில் நடக்கும் தவறுகள்

மாடு வேகமாக மேய்ந்துவிட்டு, படுத்து அசை போடும். குதிரைக்கு அசை போடும் வயிறு இல்லை. அதன் இரைப்பை உடம்பின் அளவோடு பார்த்தால் மிகச் சிறியது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். இயற்கையில் குதிரை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கு இதுவே காரணம். நாம் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று போட்டுவிட்டு நடுவில் வெறும் தரையில் கட்டி வைக்கிறோம். அமிலம் வெறும் இரைப்பையை அரிக்கிறது, புண் வருகிறது. மரத்தைக் கடித்துக் காற்றை உறிஞ்சும் பழக்கமும் இப்படி வெறுமனே நிற்கும் குதிரைகளிடம்தான் அதிகம்.

எனவே முதலில் புல், பிறகுதான் தானியம். உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்ந்த நார்த்தீனி ஒரு நாளைக்கு வேண்டும். 350 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய ஏழு கிலோ காய்ந்த புல். பச்சைப் புல் என்றால், அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், 30 கிலோவுக்கு மேல். அதை நாலைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள், இரவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. எடை தெரியாதென்றால் ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். கிலோக் கணக்கு கிடைக்கும். குடற்புழு மருந்தின் அளவுக்கும் இந்த எடை வேண்டும். ஏறுகிற ஆளும் சேணமும் சேர்ந்து இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கொள்ளு நல்ல தீனிதான். ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுப்பதும் சரிதான். தவறு அளவில் இருக்கிறது. அன்பு காட்ட வேண்டும் என்று தோன்றினாலே நம் கை தீனி வாளிக்குத்தான் போகிறது. தானியம் ஒரே வேளையில் அதிகமானால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதிலிருந்து வயிற்று வலியும், குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கும் லாமினைட்டிஸும் வரலாம். குளம்பு சுட, குதிரை முன்னங்காலில் பாரம் வைக்க முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த நிலைக்குப் போனால் முழுமையாக மீள்வது கடினம். 350 கிலோ குதிரைக்கு எந்தத் தானியமும் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். வேலை இல்லாத நாளில் இதையும் குறையுங்கள். தினமும் ஓடும் குதிரையை ஒரு நாள் நிறுத்தி வைத்து, முழுத் தீனி போட்டு, மறுநாள் ஓட்டினால் தசைகள் இறுகி நகர முடியாமல் நின்றுவிடும். வண்டிக் குதிரைகள் ஓடிய காலத்திலிருந்தே தெரிந்த நோய் இது.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. இன்று பல தோட்டங்களில் மாட்டுக்காக கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இருக்கிறது. குதிரைக்கும் அதையே வெட்டிப் போடுகிறோம். இந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மாதம் இதுவே தீனியாக இருந்தால், உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். காரணம் புரியாத நொண்டல் வரும், பற்கள் ஆடும், கடைசியில் முக எலும்பு வீங்கும். கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் விளையும் கொழுக்கட்டைப் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. தவிடு அதிகம் போட்டால் இன்னும் மோசமாகும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ஒட்டுப்புல்லை அறவே விட வேண்டியதில்லை. அது மட்டுமே தீனியாக இருக்கக் கூடாது. வேறு புற்களைக் கலந்து, கூடவே கால்சியம் நிறைந்த குதிரைமசாலைத் தினமும் கொஞ்சம் சேருங்கள். தாது உப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழித் தீவனம் மட்டும் குதிரையின் வாய்க்கே எட்டக் கூடாது. பல கோழித் தீவனங்களில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது பாதுகாப்பு. குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் நஞ்சு, மிகச் சிறிய அளவிலேயே உயிரை எடுக்கும். சில மாட்டுத் தீவனங்களிலும் இது சேர்க்கப்படுவதுண்டு. மூட்டையைப் பூட்டி வையுங்கள். அரளிச் செடி லாயத்தின் பக்கத்தில் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைக்கொடியும் மாட்டுக்கே ஆகாது, குதிரைக்குச் சுத்தமாக ஆகாது.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25 லிட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் 40 லிட்டரையும் தாண்டும். வியர்வையில் உப்பு நிறையப் போவதால் நக்குவதற்கு உப்புக்கட்டி எப்போதும் தொங்கட்டும்.

வயிற்று வலி வந்தால்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது கீழே இறங்கியே ஆக வேண்டும், இறங்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. தரையைக் காலால் கீறுவது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பது, படுத்து எழுவது, புரள்வது, தீனியைத் தொடாதது, லத்தி போடாதது எல்லாம் அடையாளங்கள்.

இந்த நேரத்தில் செய்யும் பெரிய தவறு மூங்கில் கொட்டத்தில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றித் தலையைத் தூக்கிப் புகட்டுவது. அது நுரையீரலுக்குள் போனால், வயிற்று வலியில் பிழைத்திருக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் போய்விடும். இரண்டாவது, விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும் வரை, குதிரை அமைதியாக நின்றால் நிற்கட்டும். புரண்டு அடிபடும் என்று தோன்றினால் மெல்ல நடத்துங்கள்.

தொலைபேசியில் மருத்துவர் கேட்பதற்குப் பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். 60-ஐத் தாண்டினால் அவசரம். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நோயில்லாத நாட்களிலேயே இவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நம் குதிரையின் இயல்பு என்னவென்று தெரியும். லத்தி ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும், கூட்டும்போதே எண்ணிவிடலாம். பதற்றம் வரும்போது கை நடுங்காமல் இருப்பதற்குத் தைரியத்தைவிட இந்த நோட்டு அதிகம் உதவுகிறது. எங்கள் வீட்டில் பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்தம் எழுதும் பழக்கமும் இதைப் பார்த்துத்தான் வந்தது.

ஊர் கால்நடை மருந்தகத்தில் குதிரை பார்த்த அனுபவம் குறைவாக இருக்கலாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு எட்டும் இடம் எது, ஏற்றிப் போக வண்டி யாரிடம் இருக்கிறது என்பதைக் குதிரை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

குளம்பு, ஊசி, ஈ

லாடம் அடித்துவிட்டால் குளம்பு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரரை அழைத்துச் சீவ வேண்டும், லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஈரத்திலும் மூத்திரத்திலும் நின்றால் குளம்பின் அடிப்பகுதி கறுத்து அழுகி நாறும். தினமும் குளம்பு சுரண்டும் கொக்கியால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் வராது.

வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். அந்தக் கிருமி மண்ணிலும் லத்தியிலும் இருக்கிறது. ஒரு துருப்பிடித்த ஆணி போதும். ஆண்டுதோறும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும். மழை முடிந்து கடிக்கும் ஈக்கள் பெருகும்போது சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய் பரவும். 1880-இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் இந்தக் கிருமியை முதலில் கண்டதே அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தில்தான். விட்டு விட்டு வரும் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பது, கால் வீக்கம் தெரிந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பயத்தை முரட்டுத்தனம் என்று நினைப்பது

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. பின்னால் சத்தமில்லாமல் போய்க் கை வைத்தால் உதைக்கும். பிளாஸ்டிக் பை பறந்தால் துள்ளும். ஓடித் தப்பித்தே பிழைத்து வந்த விலங்கு அது. அதற்காக அடித்தால், பை பறந்தபோது வலித்தது என்று மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். முள் கடிவாளம் போட்டு அடக்குவது இன்னும் கொடுமை. சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே இதைத் தடை செய்திருக்கின்றன.

குதிரை பயந்தால் நாம் நிற்க வேண்டும், மூச்சை விட வேண்டும், கயிற்றைத் தளர்த்த வேண்டும். அது அந்தப் பொருளைப் பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். கோபத்தோடு லாயத்துக்குள் போனால் நம் நடையிலேயே அது தெரிந்துகொண்டு விலகிப் போகும். அலுவலக எரிச்சலை வாசலிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கத்தைக் குதிரை வளர்க்கும் பலர் சொல்வார்கள். அது வேறு வழியில்லாமல் வருவது.

இதோடு சேர்ந்ததுதான் தனிமை. குதிரை கூட்ட விலங்கு. கூட இன்னொன்று காவல் நிற்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும். நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். தனியாகக் கட்டிப்போட்ட குதிரை நாள்கணக்கில் படுக்காமல் இருக்கலாம். இன்னொரு குதிரை வாங்க முடியாதென்றால் ஒரு கழுதை, ஒரு ஆடு, குறைந்தபட்சம் வீட்டார் நடமாட்டம் கண்ணில் படும் இடத்தில் லாயம். தினமும் சில மணி நேரம் கயிறில்லாமல் திரிய ஒரு வேலியிட்ட இடம்.

கடைசியாக, வயது. நல்ல கவனிப்பில் குதிரை 25 முதல் 30 ஆண்டு வாழும். பதினெட்டு வயதில் ஓட்டம் குறைந்ததும் கைமாற்றிவிடுகிறார்கள், அங்கிருந்து இன்னொரு கை, அப்புறம் எங்கே போனதென்றே தெரியாது. வாங்கும்போதே இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பிறகு யார் தீனி வைப்பது, ஏற முடியாத குதிரைக்கும் மாதாமாதம் செலவு செய்ய முடியுமா என்று. பல் தேய்ந்த கிழக் குதிரைக்குப் புல்லைப் பொடியாக நறுக்க வேண்டும், தீனியைக் கூழாக ஊறவைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பல்லின் கூர்முனைகளை மருத்துவர் அராவிவிட வேண்டும். இந்த வேலைகளுக்கு வீட்டில் ஒருவராவது மனப்பூர்வமாகச் சரி சொன்ன பிறகு சந்தைக்குப் புறப்படுங்கள்.