கார்மில்லாவைக் காதால் கேட்கப்போகிறீர்களா?

ஷெரிடன் லெ ஃபனு எழுதிய 'கார்மில்லா' 1872-இல் புத்தகமாக வந்த குறுநாவல். 'டிராகுலா'வுக்கு 25 ஆண்டு மூத்த இரத்தக்காட்டேரிக் கதை. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிநூலாக இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான நடை, பழகிவிடும்.

அங்கே வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள். ஒரே புத்தகத்துக்குப் பல பதிவுகள் இருக்கலாம். அத்தியாயத்துக்கு ஒருவர் வாசிக்கும் பதிவைத் தவிர்த்து, முழுவதும் ஒரே குரலில் இருப்பதை எடுங்கள். லாரா என்ற பெண் தன் அனுபவத்தைத் தானே சொல்லும் கதை இது. நடுவில் குரல் மாறினால் அந்த நெருக்கம் போய்விடும். வேகத்தையும் கூட்ட வேண்டாம். இந்தக் கதையில் பயம் மெதுவாகத்தான் ஏறும், அந்த மெதுவே அதன் அழகு.

அப்புறம் முக்கியமான ஒன்று: பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, பெண்களின் பெயர்கள் வரும்போதெல்லாம் ஆங்கில எழுத்திலேயே எழுதி வையுங்கள். காதால் மட்டும் கேட்டால் அதிலுள்ள சூட்சுமம் நழுவிவிடும். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்!

இரவில் படுத்துக்கொண்டு கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை (குறித்த நேரத்தில் ஒலியைத் தானாக நிறுத்தும் வசதி) ஓர் அத்தியாய அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூங்கிப்போனாலும் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்காது.