காற்று எப்படி வந்தது: கண்காட்சி சார்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் வளிமண்டலம் பற்றி ஒரு சார்ட் இருக்கும், அதில் ஒரு மரமும் அதிலிருந்து ஆக்சிஜன் கிளம்புவதாக ஓர் அம்புக்குறியும் இருக்கும். பிள்ளைகளே, முதலில் இதை மாற்றுங்கள். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கி ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன, மரங்கள் வந்ததோ கடைசி 40 கோடி ஆண்டுகளுக்குள்தான். அந்த வேலையைத் தொடங்கியது சயனோபாக்டீரியா என்கிற நீலப்பச்சைப் பாசி. நம் ஊரணிகளில் வெயில் காலத்தில் படரும் பச்சையிலும் அதன் வம்சம் இருக்கிறது.

அப்புறம், பாசி வந்த உடனே காற்று மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அன்றைய கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. வந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை அந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் பிடித்துக்கொண்டன, அவை தீரத் தீரத்தான் மிச்சம் காற்றுக்கு ஏறியது. அப்படிப் படிந்த பழைய இரும்பு அடுக்குகளைச் சேலம் கஞ்சமலையில் பார்க்கலாம். நம் பக்கத்துச் செம்புராங்கல்லைச் சான்றாகக் காட்டுவது தவறு. அதன் சிவப்பும் இரும்புத் துருதான், ஆனால் அது வெகு பிற்காலத்தில் மழையும் காற்றும் பாறையை அரித்து உண்டானது.

தொடக்கக் காற்று என்றாலே மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்தது என்று பழைய நோட்ஸில் இருக்கும். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. முதலில் சூழ்ந்திருந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் இலேசானவை என்பதால் தப்பிப் போய்விட்டன, பிறகு எரிமலைகள் கக்கிய நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவைதான் பெரும்பகுதி என்பதே இன்று பரவலாக ஏற்கப்படுவது. நீராவி குளிர்ந்து கடலானது, எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன் தங்கி இன்று 78 சதவீதமாக நிற்கிறது.

சரி, அவ்வளவு கரியமில வாயு எங்கே போனது? மரங்கள் குடித்துவிட்டன என்று எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் பதில் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் அதில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறிச் சுண்ணாம்பு மிஞ்சும், அதை நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினால் அது பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. செட்டிநாட்டுப் பூச்சின் உறுதிக்கு இதுவும் ஒரு காரணம். ஆதிக்கடலும் கரியமில வாயுவைக் கரைத்து, பாறையிலிருந்து மழை அடித்து வந்த கால்சியத்தோடு சேர்த்துச் சுண்ணாம்புக் கல்லாகக் கட்டிப்போட்டது. கடல் இல்லாத வெள்ளிக் கோளில் இன்றும் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயுதான்.

காற்றில் மூன்றாம் இடம் கரியமில வாயுவுக்கு என்று எழுதுவதும் தவறு. அது 0.93 சதவீதம் உள்ள ஆர்கானுக்கு, அதுவும் பாறையிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சிதைந்து வந்தது.

கடைசியாக, பெரியவர்களும் சொல்வது: காற்று எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது, இப்போது மட்டும் என்ன? வேகத்தைப் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது 80 பங்கு அளவுக்கு உயரவே பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்படிக் கூடிய கரியமில வாயுவையும் பாறை ஒருநாள் கல்லாக்கிவிடும்தான், ஆனால் அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.