ஹாலோவீன் ஓவியம்: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால், 31ஆம் தேதி பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காகக் கனடாவில் பள்ளிச் சுவரெல்லாம் கறுப்பும் ஆரஞ்சும்தான். நாலாம், ஐந்தாம் வகுப்புகளில் ஓவிய நேரத்துக்கு உதவப் போய் வந்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்று: வேலை கெட்டுப்போனால் அதற்குப் பெரும்பாலும் பெரியவர்களான நாம்தான் காரணம்.

முதல் தவறு, வௌவாலை நாமே வெட்டிக் கொடுத்து "கண் ஒட்டு" என்பது. ஐந்து வயதில் அது சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு, வரைந்தது நிஜம் போல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "எனக்கு வரைய வராது" என்று சொல்லத் தொடங்குகிற வயதும் இதுதான். அச்சு கொடுப்பதை விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். கையை மேசையில் விரித்து வைக்கச் சொல்லுங்கள். வௌவாலின் இறக்கையும் ஒரு கைதான்: கட்டைவிரல் மேலே சின்னக் கொக்கியாக நிற்கும், மற்ற நாலு விரல்களும் நீண்டு, நடுவில் தோல் விரிந்திருக்கும். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி தன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் வரைந்த வௌவாலை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. சிலந்தியும் அப்படித்தான். எட்டுக் கால்களையும் பெரிய வயிற்றில் ஒட்டிவிடுகிறோம். அவை முன்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. வலைக்கு, நடுவிலிருந்து வெளியே போகும் கோடுகளை முதலில் போட்டுவிட்டு, பிறகு சுற்றி வரட்டும். சிலந்தி கட்டும் வரிசையும் அதுவே.

அடுத்தது வண்ணத்தின் வரிசை. பேய் வீட்டுக் காட்சி என்றதும் கறுப்பை எடுத்துவிடுகிறார்கள். வானம்தான் முதலில். நிலவைச் சுற்றி மஞ்சள், அதைத் தொட்டு ஆரஞ்சு, பிறகு சிவப்பு, ஓரத்தில் ஊதா. மஞ்சளுக்குப் பக்கத்திலேயே ஊதாவை வைத்தால் இரண்டும் கலந்து சேற்று நிறமாகிவிடும். இடையில் ஆரஞ்சும் சிவப்பும் இருப்பது அதற்காகத்தான். முழுக்கக் காய்ந்த பிறகே வீடும் மரமும் கறுப்பில். ஈரத்தில் கறுப்பை வைத்தால் கிளைகள் பஞ்சுபோல ஊறிப் பரவும். ஒரே பாட நேரத்தில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஆயில் பாஸ்டலில் (எண்ணெய்ப்பசை உள்ள வண்ணக் குச்சி) வலை வரைந்து, மேலே வண்ணம் பூசி அதை வெளிக்கொண்டுவருவது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி. ஆனால் கெட்டியான போஸ்டர் கலர் அந்த வலையை மூடிவிடும். நிறையத் தண்ணீர் விட்ட வாட்டர்கலர் வேண்டும், பாஸ்டலையும் அழுத்தித் தேய்த்திருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு தெரியாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மினுங்கும்.

பூசணிக்காயில் வரையவும் போஸ்டர் கலர் உதவாது. தோலில் மெழுகுத்தன்மை இருப்பதால் காய்ந்ததும் உரிந்துவிடும். துடைத்து உலர்த்தி, அக்ரிலிக் பூசுங்கள். குடைந்து முகம் செதுக்குவதாக இருந்தால் 31ஆம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போதும். அதற்கு முன்பே வெட்டினால் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். சமையலறைக் கத்தி வேண்டாம். மேல்மூடியைப் பெரியவர் வெட்டிக் கொடுக்க, முகத்தைப் பிள்ளைகள் பூசணிக்கென்று விற்கும் சின்ன ரம்பத்தால் அறுக்கட்டும். மூடியைச் சாய்வாக வெட்டினால்தான் உள்ளே விழாமல் நிற்கும். அயர்லாந்தில் ஒருகாலத்தில் டர்னிப் கிழங்கைத்தான் இப்படிக் குடைந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், களிமண்ணில் அந்தக் கோண முகத்தைச் செய்ய உடனே கைகள் உயரும்.

பலூன்மேல் காகிதக்கூழ் முகமூடி செய்யும்போது எல்லா அடுக்கையும் ஒரே நாளில் ஒட்டாதீர்கள். உள்ளே காயாமல் நாறும்.

மெக்சிகோவின் பூ வரைந்த மண்டையோடுகளை ஹாலோவீனோடு கலப்பதும் தவறுதான். அவை நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் நாளுக்குரியவை, பயமுறுத்த அல்ல. செய்ய விரும்பினால் தனி நாளில், அதன் கதையோடு செய்யுங்கள்.

சில வீடுகளில் ஹாலோவீன் கிடையாது. அந்தப் பிள்ளைகளை ஒரு மூலையில் உட்காரவைத்து வேறு தாள் கொடுப்பதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அதே வானத்தை அவர்களும் தீட்டட்டும். பேய் வீடு நிற்கும் இடத்தில், இலையுதிர்ந்த மேப்பிள் மரம் ஒன்று கறுப்பாக நிற்கட்டும்; எல்லாவற்றையும் ஒரே சுவரில் சேர்த்து மாட்டுங்கள்.