ஓசி ஆன்டிவைரஸ் போடுறப்போ நம்மாளுங்க பண்ற தப்புங்க

போன மாசம் பெரம்பூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போனேன், காபி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே "டேய், அந்த கம்ப்யூட்டர கொஞ்சம் பாரேன், ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகுது"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. உக்காந்து பார்த்தா கீழ கடிகாரம் பக்கத்துல மூணு ஆன்டிவைரஸ் ஐகான் வரிசையா நிக்குது. ஒண்ணு மெஷின் வாங்குறப்பவே கூட வந்த ட்ரையல், அது முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னொண்ணு பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் குடுத்த ஓசி, மூணாவது ஏதோ பிடிஎஃப் கன்வர்ட்டர் இறக்குறப்போ டிக்க எடுக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டுனதுல தானா ஒட்டிக்கிட்டு வந்தது. "மூணு இருந்தா இன்னும் சேஃப்டி தானடா?"ங்கிறாரு.

இல்ல சித்தப்பா. ஒரு வீட்டுக்கு மூணு வாட்ச்மேன போட்டு, அவங்க ஒருத்தர ஒருத்தர் திருடன்னு நெனச்சு சட்டையப் புடிச்சிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? நீங்க ஒரு ஃபைல தொறந்தா மூணும் ஒரே நேரத்துல அத நிறுத்தி செக் பண்ணும், ஒண்ணு புடிச்சு அடைச்சு வெச்ச வைரஸ இன்னொண்ணு புதுசா வந்ததுன்னு நெனச்சு கத்தும். ரியல் டைம்ல ஓடுறது ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும்.

அந்த ஒண்ணும் பல பேருக்கு ஏற்கனவே வீட்டுலயே இருக்கு. விண்டோஸ் 8 வந்த 2012லேருந்தே டிஃபெண்டர்ங்கிற முழு ஆன்டிவைரஸ் விண்டோஸோடயே வருது, காசும் கெடையாது. வேற கம்பெனிது ஒண்ணு போட்டா அது தானா ஒதுங்கிக்கும், எடுத்துட்டா பொதுவா தானா திரும்பி வந்துடும், ஆனாலும் விண்டோஸ் செக்யூரிட்டிய தொறந்து பச்சை டிக் இருக்கான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துக்குங்க.

இதவிட மோசமான தப்பு ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு உண்மையாவே கோவம் வர்ற விஷயம். தி.நகர்ல ஃப்ரெண்டு ஒருத்தன் சின்னதா துணி ஹோல்சேல் பண்றான். பில்லிங் சாஃப்ட்வேர காசு கட்டாம ஓட வைக்கிற க்ராக் போட ஒரு கடைப் பையன் வந்திருக்கான், "ஆன்டிவைரஸ் சும்மா கத்தும், அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போட்டுட்டுப் போயிட்டான். நான் போய் விண்டோஸ் செக்யூரிட்டில எக்ஸ்க்ளூஷன்ஸ் லிஸ்ட தொறந்து பார்த்தா, சி டிரைவ் முழுசா அதுல இருக்கு! அதாவது "இந்த டிரைவ்ல எது இருந்தாலும் கண்டுக்காத"ன்னு காவலுக்கே சொல்லி வெச்சாச்சு. மேல பச்சை டிக் அழகா காட்டிக்கிட்டே இருக்கு, உள்ள ஒண்ணும் நடக்கல. யாராவது உங்க மெஷின்ல விண்டோஸோ ஆபீஸோ 'ஆக்டிவேட்' பண்ணிக் குடுத்திருந்தா இந்த லிஸ்ட இன்னைக்கே பாருங்க, நீங்க போடாதது எது இருந்தாலும் தூக்கிடுங்க, அப்புறம் ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கும், அத ஓட விடுங்க, மெஷின் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தேடும், சுமார் கால் மணி நேரம் ஆகும்.

ஓசின்னா எல்லாம் ஓசி இல்ல, அதையும் சொல்லிடணும். ஓசி ஆன்டிவைரஸ் குடுக்குற அவாஸ்ட் கம்பெனி, யூசருங்க எந்தெந்த சைட்டுக்குப் போறாங்கங்கிற விவரத்த ஜம்ப்ஷாட்ங்கிற தன்னோட துணை கம்பெனி வழியா வித்ததுக்காக, அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024ல 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வெச்சுது. பாதுகாப்புக்குன்னு போட்டதே வேவு பார்த்திருக்கு. அதனால எத போட்டாலும் இன்ஸ்டால் பண்றப்போ ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன், டேட்டா ஷேரிங் டிக்கெல்லாம் படிச்சுப் பார்த்து எடுத்துடுங்க.

ஸ்க்ரீன் ஓரத்துல "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்"னு பாப்அப் வருதா? முக்கால்வாசி அது வைரஸே இல்ல, ஏதோ சீரியல் பாக்குற சைட்ல நீங்க தெரியாம 'அலவ்' தட்டுன நோட்டிஃபிகேஷன். எத்தனை ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணாலும் சிக்காது. ப்ரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பக்கம் போய் அந்த சைட்ட எடுத்தா முடிஞ்சுது. அதுல வர்ற நம்பருக்கு மட்டும் ஃபோன் போட்டுடாதீங்க, உங்க மெஷின தூரத்துல இருந்தே இயக்குற ரிமோட் ஆப் போடச் சொல்லி பேங்க் வரைக்கும் போயிடுவாங்க. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

அப்புறம் நம்ம ஜெராக்ஸ் கடை. ஆதார் பிரிண்ட் எடுக்க பென்டிரைவ் குடுத்து வாங்கிட்டு வந்து வீட்ல சொருகுனா, ஃபோல்டர் பேர் அப்படியே இருக்கும், ஆனா ஐகான் மூலைல குட்டி அம்புக்குறி, சைஸ் ஒண்ணு ரெண்டு கேபி. அது உங்க ஃபோல்டர் இல்ல, ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டர வைரஸ் ஒளிச்சு வெச்சிருக்கு. ரெண்டு தடவை தட்டுனா அது ஓடிட்டு, சந்தேகம் வராம இருக்க ஃபோல்டரையும் தொறந்து காட்டிடும். பதறிப் போய் ஃபார்மேட் பண்ணாதீங்க, ஃபைலெல்லாம் பெரும்பாலும் உள்ளயே பத்திரமாத்தான் இருக்கும். எதையும் தட்டாம மொதல்ல டிரைவ ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் ஆன் பண்ணுங்க.

அப்டேட்டு மேட்டர் சுருக்கமா. 2017 மே மாசம் ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற வானாக்ரைங்கிற வைரஸ் உலகத்தையே ஆட்டுச்சு, அது நுழைஞ்ச ஓட்டைய அடைக்கிற பேட்ச்ச மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே விட்டுடுச்சு, போடாதவங்கதான் மாட்டுனாங்க. விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதுக்கப்புறம் அப்டேட் வராம அதுல தெறந்தே கெடக்குற ஓட்டைய எந்த ஓசி ஆன்டிவைரஸும் முழுசா அடைக்காது.

சித்தப்பாவுக்கு வருவோம். மூணையும் தூக்கிட்டேன், அவருக்கு மூஞ்சே சரியில்ல, "வெறும் மெஷினா இருக்கேடா"ங்கிறாரு. சரின்னு ஐகார் டெஸ்ட் ஃபைல்னு ஒண்ணு, 68 எழுத்துதான், வைரஸே இல்ல, ஆன்டிவைரஸ் முழிச்சிருக்கான்னு பார்க்கறதுக்குன்னே உண்டாக்குனது, அத நோட்பேட்ல ஒட்டி சேவ் பண்ணேன். அடுத்த நொடி டிஃபெண்டர் கப்புன்னு புடிச்சுது. கண்ணாடிய மூக்கு மேல தள்ளி விட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் ஸ்க்ரீனையே பார்த்தாரு.

"சரி சரி, அப்படியே அந்த பிரிண்டர் ஏன் ஓட மாட்டேங்குதுன்னும் பாரு."