குளிர்காலச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மாவு பொங்காததற்கு உளுந்து காரணமல்ல

மார்கழி பிறந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சாக இருக்கிறது. மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை, மொச்சை வேகவில்லை. பழி உளுந்தின் மேல் விழும், பால்காரர் மேல் விழும், மளிகைக் கடைக்காரரும் தப்ப மாட்டார். பெரும்பாலும் இவர்கள் யாரிடமும் குற்றம் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் கைக்குப் பழகிப்போன அளவையும் நேரத்தையும் அப்படியே மார்கழியிலும் கடைப்பிடிக்கிறோம். கோளாறு அங்கேதான் இருக்கிறது. சென்னையில் மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டியிருக்கும். ஜனவரி அதிகாலை 20 டிகிரிவரை இறங்கிவிடும். கோவையில் அதற்கும் கீழே. நமக்கு ஒரு போர்வை போதும். மாவுக்கும் தயிருக்கும் இந்த எட்டு டிகிரி மிகப் பெரிய வித்தியாசம். குளிர்காலச் சமையலுக்குப் புதிதாக எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் சூடும் கொஞ்சம் கூடுதல் நேரமும் கொடுத்தால் போதும். இந்த இரண்டையும் கொடுக்காமல் சோடாவையும் மிளகையும் புளித்த மோரையும் அள்ளிப் போடுவதால்தான் சாப்பாடு கெடுகிறது.

முதலில் மாவு. அதைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருப்பவை. லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. அது வெளியிடும் கரியமில வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. 28 முதல் 32 டிகிரிவரை இவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். 20 டிகிரியில் மந்தமாகிவிடும். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு குளிரில் பன்னிரண்டு, பதினாறு மணி நேரம்கூடக் கேட்பது இதனால்தான். மாலை ஆறு மணிக்கு அரைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்து ஏமாறுவதில் பொருளில்லை. மார்கழியில் நண்பகலிலேயே அரைத்துவிட வேண்டும்.

அரைக்கும்போதே செய்துவிடுகிற தவறு ஒன்று உண்டு. கிரைண்டர் சூடாகி மாவு கெடக்கூடாதென்று கோடையில் ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கோடைக்கு அது சரிதான். அதே பழக்கத்தில் மார்கழியிலும் ஃபிரிட்ஜில் ஊறிய உளுந்தை எடுத்து, ஃபிரிட்ஜ் தண்ணீரையே ஊற்றி அரைத்தால் மாவு தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு விலகவே பாதி இரவு கழிந்துவிடும். குளிர்காலத்தில் வெளியில் ஊறிய உளுந்து, கைபொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அரைத்து முடித்ததும் மாவில் விரலை விட்டால் குளிர்ச்சி தெரியக்கூடாது.

அடுத்தது பாத்திரத்தை வைக்கும் இடம். கிரானைட் மேடையில் எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டு அது பொங்கும் என்று எதிர்பார்க்கிறோம். கல் சூட்டை உறிஞ்சும், எவர்சில்வர் சூட்டைக் கடத்தும். இரண்டும் சேர்ந்தால் மாவு கல்லைப் போலவே குளிர்ந்து கிடக்கும். மரப்பலகையின் மேலோ, நான்காக மடித்த சாக்கின் மேலோ வைத்து, மேலே ஒரு பழைய கம்பளியைச் சுற்றுங்கள். ஓவன் இருக்கும் வீடுகளில் அதைப் பற்றவைக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைக்கலாம். பதற்றத்தில் பாத்திரத்தைக் கொதிநீரில் இறக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓரத்து மாவு வெந்து பிசினாகிவிடும், நடுவில் இருப்பது பச்சையாகவே நிற்கும். பொங்க வைக்க வேண்டிய உயிர்களும் செத்துப்போகும். வெந்நீரில் வைப்பதானால் உங்கள் கை சுகமாகத் தாங்கும் சூடே எல்லை.

உப்பு இந்த உயிர்களின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். கோடையில் மாவு அளவுக்கு மீறிப் புளிக்காமலிருக்க அது உதவும். குளிரில் அதற்குத் தேவையில்லை. பொங்கியபின் உப்புச் சேர்த்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் காலையில் மாவு எழவில்லை என்றால், சோடா டப்பாவைத் தேடாதீர்கள். ஆப்பசோடா வாயுவைத் தரும், இட்லியும் உப்பிவரும். ஆனால் இரவு முழுவதும் ஊறிவரும் அந்த இளம்புளிப்பு வராது. காரத்தன்மை கூடினால் பி1 வைட்டமினும் அழிகிறது. பொங்காத மாவில் அன்றைக்கு ஊத்தப்பம் வார்த்துச் சாப்பிடுங்கள்; வெங்காயமும் இஞ்சியும் போட்டால் குறையே தெரியாது. மிச்ச மாவை இன்னும் நான்கு மணி நேரம் வெளியில் விட்டுவையுங்கள். இட்லிக்கு அவசரப்படுகிறவர்கள்தான் மார்கழியில் நல்ல இட்லியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தயிரிலும் இதே கதைதான், ஆனால் தவறு வேறு மாதிரி நடக்கிறது. உறையவில்லை என்று மறுநாள் இரண்டு கரண்டி கூடுதலாக மோர் ஊற்றுகிறார்கள். மறுநாள் தயிர் உறையும். கூடவே புளித்து, மேலே பச்சைத் தண்ணீர் பிரிந்து நிற்கும். பாலின் சூட்டைக் கூட்டுவதுதான் சரியான வழி. கோடையில் ஆறியும் ஆறாததுமான பாலில் உறை ஊற்றுவோம். குளிரில், சுண்டுவிரலை விட்டால் சுள்ளென்று இல்லாமல் நல்ல வெதுவெதுப்பாக உணரும் நிலையில், அதாவது 40 டிகிரியை ஒட்டி, ஊற்ற வேண்டும். உறைமோர் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது. பிறகு சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸுக்குள் பாத்திரத்தை இறக்கி மூடிவிட்டு, மறுநாள் காலைவரை தொடாமல் இருக்க வேண்டும். உறைந்ததா என்று சாய்த்துப் பார்த்தால் பாதி உறைந்த தயிர் உடைந்துவிடும்.

இந்தப் பருவத்தின் காய்கறிகளுக்கு வருகிறேன். மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிறுகிழங்கு, பரங்கி எல்லாம் மார்கழியிலும் தையிலும் கொட்டிக் கிடக்கும். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் ஏழுகறிக் கூட்டு இவை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்க்கிற அருமையான சமையல். அதிலேயே பெரிய தவறும் நடக்கிறது. எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டி, அப்போதே புளியையும் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பரங்கி கரைந்து காணாமல் போயிருக்கும். மொச்சை மட்டும் பல்லுக்கு அடியில் கடுக்கென்று நிற்கும்.

காரணம் புளி. காயின் சதையை இறுகப் பிடித்துவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு இருக்கும் இடத்தில் பெக்டின் எளிதில் கரையாது. பாதி வெந்த மொச்சையில் புளியை ஊற்றிவிட்டால், அதன் பிறகு எவ்வளவு கொதித்தாலும் அது மசிவதற்கு மிகவும் அடம்பிடிக்கும். தக்காளிக்கும் இதே விதிதான். ஆகவே மொச்சையை முதலில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். தோல் வழுக்கி விலகி, உள்ளிருக்கும் பருப்பு மாவாக நசுங்க வேண்டும். இரண்டாகப் பிளந்து நின்றால் இன்னும் நேரம் வேண்டும். நசுங்கிய பிறகு சிறுகிழங்கும் வாழைக்காயும், அவை முக்கால் பதம் வந்ததும் அவரையும் சர்க்கரைவள்ளியும், கடைசியாகப் பரங்கி. எல்லாம் வெந்தபின் புளிக்கரைசலும் அரைத்த மசாலாவும். நடுவில் தண்ணீர் குறைந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் மார்கழித் தண்ணீரைச் செம்போடு கவிழ்த்தால் கொதி அடங்கி, மறுபடி எழுவதற்குள் காய் பாதி வேக்காட்டில் நின்றுவிடும்.

காய்ந்த மொச்சையானால் ஊறுவதற்கும் கூடுதல் நேரம் தேவை, ஏனெனில் குளிர்ந்த நீரைப் பயறு மெதுவாகவே உள்ளிழுக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் இந்தக் கவலை இல்லை. ராஜ்மாவுக்கு இன்னும் கவனம் வேண்டும். வேகாத ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும்; குக்கரில் வைத்தால் இன்னும் நல்லது. மின்சார ஸ்லோ குக்கரில் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் வைப்பது தவறு, அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

மலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். தீயைக் கூட்டுவது வீண், நேரத்தைக் கூட்ட வேண்டும், பருப்புக்கும் பயறுக்கும் குக்கரே கதி. சமவெளியில் எழுதிய குறிப்பைப் பார்த்து இட்லியைப் பத்து நிமிடத்தில் இறக்கினால் நடுவில் ஈரம் ஒட்டும்.

அதிகாலைக் குளிரில் சிலிண்டரின் தீ மந்தமாகும். எரிவாயு திரவம் ஆவியாவது குளிரில் குறைவதால் வரும் விளைவு அது. அதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீர் வாளியில் இறக்குவதும் வழக்கமாகவே இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும், தீ திடீரென்று சீறும். குளிர்காற்று வராமலிருக்க ஜன்னலை அடைத்துவிட்டுக் கரிக் குமுட்டியில் சமைப்பது அதைவிடக் கொடியது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றல் தெரிவதற்குள் எழுந்து நடக்க முடியாமல் போய்விடும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

சளி பிடித்தவர்களுக்கு மிளகு ரசம் வைக்கும்போது கை தாராளமாகிவிடுகிறது. தொண்டைக்கு இதம் தருவது ரசத்தின் சூடும் மணமும். மிளகை அள்ளிப் போட்டால் வயிறு எரியும், குழந்தைகள் தொடவே மாட்டார்கள். நான்கு பேருக்கு ஒரு தேக்கரண்டி மிளகு தாராளம். டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும் பொடியை விட்டுவிட்டு, அன்றைக்கு நுணுக்கியதைப் போடுங்கள். பருப்புத் தண்ணீரும் ரசப்பொடியும் சேர்ந்த பிறகு ரசம் தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரமெல்லாம் நுரை கூடி, நடுவில் முதல் குமிழி எழும்போது இறக்கிவிட்டால் மணம் பாத்திரத்திலேயே நிற்கும். மறுபடி மறுபடி சூடாக்கிய ரசத்தில் புளிப்பும் உப்பும் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

‘குளிர்தானே, வெளியில் இருந்தால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி மதியச் சோற்றையும் பொரியலையும் இரவுவரை மேடையிலேயே விடுவது இன்னொரு தவறு. மார்கழிச் சென்னையின் 20, 25 டிகிரி நமக்குத்தான் குளிர். ஃபிரிட்ஜின் உள்ளே இருப்பது 4, 5 டிகிரி. சோறு வடித்த பிறகும் உயிரோடு இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு மார்கழியின் சூடு தாராளமாகப் போதும்; அது உண்டாக்கும் நச்சு, சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

தேங்காயெண்ணெய் உறைந்ததும் கலப்படம் என்று சந்தேகப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு. குளிரில் ஒரு பகுதி உறைந்து, மற்றொரு பகுதி தெளிவாகத் தனியே மிதந்தால்தான் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதோ என்று ஐயப்படலாம். பிளாஸ்டிக் பாட்டிலை அடுப்பருகே வைத்து உருக்காமல், வெந்நீரில் நிறுத்தி வையுங்கள். வாய் அகன்ற சம்படத்தில் ஊற்றி வைத்தால் கரண்டியால் வெட்டி எடுக்கலாம்.

கடைசியாக வெண்பொங்கல். அடுப்பிலிருந்து இறக்கும்போது சரியாக இருந்த பொங்கல், பரிமாறுவதற்குள் கெட்டியாகி நெய்யும் உறைந்து கட்டியாக நிற்கும். கோடையில் ஒரு பங்கு அரிசி-பருப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் என்றால், குளிரில் ஐந்து பங்கு வையுங்கள்; இறக்கும்போது கஞ்சி போலத் தெரிந்தாலும் இலையில் விழும்போது பதமாகிவிடும். அப்படியும் இறுகினால் கொதிநீரோ சூடான பாலோ சேர்த்துக் கிளறலாம், பச்சைத் தண்ணீர் கூடாது. தை பிறந்து புது அரிசி வந்துவிட்டால் கணக்கு மாறும். புது அரிசி தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும், சீக்கிரம் குழையும். பழைய அரிசிக்கு வைத்த அளவை அதற்கும் வைத்தால் பானையில் கூழ்தான் இருக்கும். மூட்டை பிரித்த அன்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக வடித்துப் பார்த்து, அதற்கேற்பத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரிசி பழையதாக ஆக மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம்.