டைம்ஷேர் பாயிண்டை மாற்றி டிஸ்னி வளாகத்துக்குள் ஒரு வாரம் தங்குவது எப்படி?

போன கோடை விடுமுறையில் ஆர்லாண்டோவில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள்ளேயே ஏழு இரவு தங்கினோம். முழுச் சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும் இருக்கிற ஒரு படுக்கையறை வீடு. அதற்கு நாங்கள் வாடகை கொடுக்கவில்லை. வேறு மாநிலத்தில் எங்களுக்கு டைம்ஷேர் இருக்கிறது, அதாவது ஒரு விடுமுறை ரிசார்ட்டில் வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமை. அந்த உரிமையைப் பாயிண்டாகக் கணக்கிடுவார்கள். ஒரு வருடப் பாயிண்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். இது கைகூட இரண்டு வருடம் ஆனது. முதல் தடவை எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் (மாற்றித் தரும் நிறுவனத்துக்குக் கட்டுவது) போய், இடமும் போயிற்று. எங்கே தவறினேன் என்பதை நாலாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

டைம்ஷேர் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. இன்னும் வாங்காதவர்கள் இதற்காகப் போய் ஒன்று வாங்க வேண்டாம். பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் வரும், ஏறிக்கொண்டும் போகும். டிஸ்னியின் சொந்த டைம்ஷேர் கிளப்பான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் உறுப்பினர்கள் பலர் தங்கள் பாயிண்டை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு தடவை போய்வர அதுவே நல்ல வழி.

முதல் படி: உங்கள் பாயிண்ட் எந்தக் கடையில் செல்லும்?

டைம்ஷேர் மாற்றித் தருவதில் பெரிய நிறுவனங்கள் இரண்டு. ஒன்று 1974-ல் தொடங்கிய ஆர்சிஐ, இன்னொன்று 1976-ல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நேஷனல். டிஸ்னி ரிசார்ட்டுகள் 2009-லிருந்து ஆர்சிஐ பக்கம் இருந்தன. 2022-ல் இன்டர்வெல்லுக்கு மாறிவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பாதி ஆர்சிஐ காலத்தவை. தேதியைப் பார்க்காமல் அவற்றைப் பின்பற்றினால் நேரம்தான் வீண்.

மேரியட், ஷெரட்டன், வெஸ்டின், ஹயாட் டைம்ஷேர்கள் வழக்கமாக இன்டர்வெல்லோடு இணைந்தவை. விண்டம், ஹில்டன் கிளப்புகள் ஆர்சிஐ பக்கம். உங்கள் கிளப் எது என்பதை உறுப்பினர் கணக்கில் 'எக்ஸ்சேஞ்ச்' பகுதியில் பாருங்கள். ஆர்சிஐ மட்டும்தான் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. டிஸ்னிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிசார்ட்டுகளைப் பாருங்கள். விண்டமின் பானட் கிரீக் ரிசார்ட்டைச் சுற்றி மூன்று பக்கமும் டிஸ்னி நிலம்தான்.

உங்கள் டைம்ஷேரே ஆர்லாண்டோவில்தான் இருக்கிறது என்றால் இன்னொன்றும் கேளுங்கள். ஒரே பகுதிக்குள் மாற்றிக்கொள்ள முடியாதபடி பிராந்தியத் தடை வைத்திருப்பார்கள். அது உங்களைக் கட்டுப்படுத்துமா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பாயிண்டில் கை வையுங்கள்.

இரண்டாம் படி: முதலில் டெபாசிட்டா, முதலில் கோரிக்கையா?

இன்டர்வெல்லில் இரண்டு வழி உண்டு. உங்கள் டைம்ஷேர் வாரத்தை (பாயிண்டாக இருந்தால் அதற்கு ஈடான வாரத்தை) முதலிலேயே ஒப்படைத்துவிட்டு அப்புறம் தேடலாம். அப்படிச் செய்தால், ஒப்படைத்த வாரத்தின் தேதிக்கு இரண்டு வருடம் முன்னும் இரண்டு வருடம் பின்னும் பயணம் போக இடம் உண்டு. அல்லது, வாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோரிக்கை மட்டும் போடலாம். இடம் கிடைத்தால்தான் வாரம் போகும். ஆனால் உங்கள் வாரம் வருவதற்கு முன்பே பயணத்தை முடித்தாக வேண்டும்.

நான் இப்போது டெபாசிட் பக்கம்தான். டிஸ்னி அறை நினைத்த மாதத்தில் வராது, காத்திருக்கத்தான் வேண்டும். பின்னால் இரண்டு வருடம் கையில் இருந்தால் காத்திருப்பது சுலபம். எப்படிச் செய்தாலும் சீக்கிரம் செய்யுங்கள். உங்கள் வாரத்துக்கு என்ன மதிப்பு என்பதை ரிசார்ட்டின் தரம், அறையின் அளவு, பருவம் இவற்றோடு எவ்வளவு முன்னதாக ஒப்படைத்தீர்கள் என்பதையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். வருடக் கடைசியில் மீந்த பாயிண்டை அவசரமாகத் தள்ளினால் அதற்கு வலு இருக்காது.

மூன்றாம் படி: ரிசார்ட் பட்டியல்

டிஸ்னி பெயர் இருப்பதெல்லாம் தீம் பார்க் பக்கத்தில் இல்லை. வீரோ பீச் புளோரிடாவில்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கிலிருந்து ஏறக்குறைய 100 மைல். ஹில்டன் ஹெட் தெற்குக் கரோலினாவில். அவுலானி ஹவாயில். மூன்றும் நல்ல இடங்கள்தான், ஆனால் பிள்ளைகளிடம் மிக்கி மவுஸ் பார்க் என்று சொல்லிவிட்டு வீரோ பீச்சுக்கு அழைத்துப்போக முடியாது. ஆகவே 'எல்லா டிஸ்னி ரிசார்ட்டும்' என்று குறிக்காமல், ஆர்லாண்டோவில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

சாரட்டோகா ஸ்பிரிங்ஸ், ஓல்டு கீ வெஸ்ட் இரண்டும் மிகப் பெரியவை. பட்டியலில் அவை கட்டாயம் இருக்கட்டும். 1991-ல் திறந்த ஓல்டு கீ வெஸ்ட்தான் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் முதல் ரிசார்ட். அறைகள் நல்ல விசாலம். டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகக்கூடிய பே லேக் டவர் மட்டும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாலாம் படி: கோரிக்கைப் படிவம்

இங்கேதான் நான் தவறினேன். எக்ஸ்சேஞ்ச் படிவத்தில் இரண்டு தேதிக் கட்டங்கள் இருந்தன. போகும் நாளும் திரும்பும் நாளும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஜூன் 10, ஜூன் 17 என்று நிரப்பினேன். உண்மையில் இரண்டுமே செக்-இன் தேதிகள். சீக்கிரமாக என்றைக்கு நுழையலாம், தாமதமாக என்றைக்கு நுழையலாம் என்பதுதான் கேள்வி. நான் போட்டதற்கு அர்த்தம், 10-லிருந்து 17-க்குள் எந்த நாளில் தொடங்கும் வாரமானாலும் எனக்குச் சரி என்பது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் உறுதி மின்னஞ்சல் வந்தது. செக்-இன் ஜூன் 17, செக்-அவுட் ஜூன் 24. எனக்கு அலுவலகத்தில் லீவு 18-ஆம் தேதியோடு முடிகிறது, மனைவிக்கு 19-ஆம் தேதி புது வேலை. சமையலறையில் நின்றபடியே அந்தத் தேதியை நாலைந்து தடவை படித்தேன். பெண்டிங் ரிக்வெஸ்ட், அதாவது வரிசையில் காத்திருக்கும் கோரிக்கை, பொருந்திவிட்டால் உங்களைக் கேட்காமலே உறுதியாகிவிடும், கட்டணமும் அப்போதே கார்டிலிருந்து போய்விடும். அது 200 டாலருக்கு மேல். அந்த வாரத்தை விட்டுக்கொடுத்தோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலண்டரை எடுத்து, லீவு முடியும் நாளிலிருந்து ஏழு இரவு பின்னோக்கி எண்ணுங்கள். அதுதான் உங்கள் கடைசி செக்-இன் தேதி. அதற்குப் பிந்திய எந்தத் தேதியையும் படிவத்தில் போடாதீர்கள். முன்பக்கம் எவ்வளவு அகலமாக விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். மொத்தக் கோடையும் சரி என்றால் மொத்தக் கோடையையும் போடுங்கள். இதை நான் காகிதக் காலண்டரில் பென்சிலால்தான் செய்கிறேன். போன் திரையில் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே பார்வையில் தெரியாது, எண்ணுவதில் தப்பு வருவது அங்கேதான்.

படிவத்தில் இன்னொரு இடம், அறை அளவு. '4/2' என்று இருந்தால் மொத்தம் நாலு பேர் படுக்கலாம், தனிமையோடு இரண்டு பேர் படுக்கலாம் என்று பொருள். ஸ்டூடியோவில் சின்ன ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் உண்டு, அடுப்பு கிடையாது. சாதம் வடித்துச் சாப்பிடும் குடும்பம் என்றால் ஒரு படுக்கையறை வீடாகக் கேளுங்கள். ஆனால் குறைந்தபட்சம் இரண்டு படுக்கையறை என்று போட்டுவிடாதீர்கள். நான் அப்படிப் போட்டிருந்த மாதங்களில் ஒன்றுமே வரவில்லை.

ஐந்தாம் படி: காத்திருப்பு

தினமும் இணையதளத்தில் போய்த் தேடுவதைவிட, பெண்டிங் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு இருப்பதே மேல். டிஸ்னி அறைகள் கொத்தாக வந்து விழும். ஏற்கெனவே வரிசையில் இருக்கும் கோரிக்கைகளுக்குப் போனது போக மிச்சம்தான் தேடுகிறவர் கண்ணில் படும். பயணத்துக்கு 59 நாளே இருக்கும்போது 'ஃப்ளெக்ஸ்சேஞ்ச்' காலம் தொடங்கும். அப்போது வாரத்தின் வலு அவ்வளவாகத் தடையாக இருக்காது. சட்டென்று கிளம்பக்கூடியவர்கள் அந்த நாட்களில் மட்டும் தினம் ஒரு தடவை பாருங்கள்.

உறுதி வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: உறுதி வந்த பிறகு

உறுதிப் பக்கத்தில் ரிசார்ட் தனியாக வாங்கும் கட்டாயக் கட்டணம் ஏதும் இருக்கிறதா என்று படியுங்கள். பார்க் டிக்கெட் இதில் சேராது, தனியாக வாங்க வேண்டும். வளாகத்துக்குள் தங்குவதால் எந்தப் பார்க்கிலும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். காரை நிறுத்தவும் கட்டணம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் இரண்டு ரைடு முடித்துவிட்டு, மதியம் அறைக்குப் பேருந்தில் திரும்பிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தோமே, அந்த ஒன்றுக்காகவே உள்ளே தங்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு வாசகி, எக்ஸ்சேஞ்ச் எண்ணை டிஸ்னி ஆப்பில் போட்டால் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார். நான் சொல்ல விட்டுப்போன விஷயம் இது. எக்ஸ்சேஞ்ச் உறுதி எண் வேறு, டிஸ்னியின் முன்பதிவு எண் வேறு. டிஸ்னிக்குப் போன் செய்து இரண்டாவதை வாங்கி 'மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்' ஆப்பில் இணையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வளாகத்தில் தங்குபவர்கள் உணவக இடத்தை 60 நாள் முன்னதாகத் தங்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதியலாம், ரைடுகளில் நீண்ட வரிசையைத் தவிர்க்கப் பணம் கட்டி வாங்கும் லைட்னிங் லேனை ஏழு நாள் முன்னதாக வாங்கலாம். வெளியில் தங்குபவர்களுக்கு அது மூன்று நாள்தான். எண் இணையாவிட்டால் ஆப் உங்களை வெளியாள் என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

இன்னொருவர் தன் பெயரில் வந்த வாரத்துக்கு அம்மா அப்பாவை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். அனுப்பலாம். அதற்கு அவர்கள் பெயரில் கெஸ்ட் சர்டிஃபிகேட் (உங்களுக்குப் பதில் அவர்கள் தங்குவதற்கான சான்று) வாங்க வேண்டும். அந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, இனிஷியலை விரித்து எழுதிய முழுப் பெயராக இருக்கட்டும்.