ட்ரிப் ஆகிறதே என்று கழற்றிவிடாதீர்கள்: சொந்த வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "மெயின் பாக்ஸில் அந்தப் பெரிய சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது, கரண்ட் தங்கவே மாட்டேன் என்கிறது, அதைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுத்துவிடுங்கள்." சிலர் கொடுத்தும் விடுகிறார்கள். சொந்த வீட்டுக்காரர் செய்யக்கூடிய தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனென்றால் மற்ற பல தவறுகளும் இதே ஜாதிதான்: வீடு ஏதோ கோளாறு என்று சொல்கிறது, நாம் கோளாறைத் தேடாமல் சொல்லும் வாயை அடைக்கிறோம்.

அந்தப் பெரிய சுவிட்சுக்கு ஆர்சிசிபி என்று பெயர், பழக்கத்தில் ஈஎல்சிபி என்பார்கள். பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன எம்சிபிகளும் இதுவும் ஒரே வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. எம்சிபி காப்பாற்றுவது வயரை. அளவுக்கு மீறி லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். மனிதர் மேல் கரண்ட் பாய்ந்தால் எம்சிபிக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் உயிரை எடுக்கப் போதுமான கரண்ட் ஒரு சின்ன பல்பு இழுக்கும் அளவுதான். ஆர்சிசிபி ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில், அதாவது ஈரச் சுவர் வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ கசிந்தால், நொடியில் சிறு பகுதிக்குள் மொத்த சப்ளையையும் வெட்டிவிடும். அதைக் கழற்றிய வீட்டில் குளியலறைக் கெய்சரில் கசிவு வந்தால் தடுக்க எதுவுமே இல்லை.

சரி, விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? கெய்சர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மோட்டார் என எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எம்சிபிகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொரு எம்சிபியாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ கோளாறு அந்த லைனில். எதிலும் விழவில்லை என்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள், எதை மாட்டும்போது விழுகிறதோ கோளாறு அதில். மழைக்காலத்தில் பெரும்பாலும் கேட் விளக்கு, மாடிப்படி விளக்கு, தண்ணீர் இறங்கிய வெளி சுவிட்ச் பாக்ஸ், பழைய கெய்சர் காயில் இவற்றில் ஒன்றாக இருக்கும். எதுவுமே போடாமல் விழுகிறது என்றால் நியூட்ரலிலேயே கசிவு இருக்கலாம், ஏனென்றால் சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். இன்னொரு காரணமும் நம் வீடுகளில் சகஜம்: இன்வெர்ட்டர் மாட்டியவர் அதன் நியூட்ரலை வேறு லைனின் நியூட்ரலோடு கலந்து விட்டிருப்பார். எலக்ட்ரீஷியன் வந்ததும் இன்வெர்ட்டர் எப்போது மாட்டியது என்பதைச் சொல்லுங்கள், அவருக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும். ஆர்சிசிபியில் டி என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், மாற்றிவிடுங்கள்.

இதே கதைதான் எம்சிபியிலும். 16 ஆம்பியர் விழுகிறது என்று 32 ஆம்பியர் போட்டால் எம்சிபி விழாது, உண்மைதான். அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி உருகும். எம்சிபியின் அளவைத் தீர்மானிப்பது வயரின் தடிமன்தான், வீட்டுக்காரரின் தேவை இல்லை. பழைய வீடுகளில் பீஸ் போனால் வயரிலிருந்து இரண்டு மூன்று செம்பு இழைகளை முறுக்கி பீஸ் கட்டையில் கட்டுவதும் இதேதான்.

பிளக்குகளில் ஒரு சின்னக் கணக்கு. வாளியில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும், 2000 வாட் கெய்சர் கிட்டத்தட்ட 8.7. சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதில் கன்வெர்ட்டர் மாட்டி இவற்றைப் போடுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பையும் மிக்ஸியையும் சேர்த்து ஓட்டுவதும் சில நாள் தாங்கும், அப்புறம் பிளக் பழுத்து நிறம் மாறும். பிளக்கைத் தொட்டால் சூடு, கருகிய வாசனை, ஓட்டை ஓரத்தில் பழுப்பு என்று எது தெரிந்தாலும் அன்றோடு அந்தப் பாயின்ட்டை நிறுத்திவிடுங்கள். மூன்று பின் பிளக்கில் தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள்; உடைவது எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வழி. வீட்டு எர்த் குழியில் கோடையில் மண் காய்ந்து இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும் வீட்டுக்காரர் வேலைதான்.

இதோடு சேர்த்து, துணி காயப்போடும் கொடி. தயவுசெய்து இரும்புக் கம்பியில் கட்டாதீர்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் குழாயிலோ, மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலோ கொடியின் ஒரு முனையைக் கட்டுவது இன்னும் மோசம். வயரின் மேலுறை வெயிலில் வெடித்து எங்கோ உரசினால் கொடி முழுக்கக் கரண்ட், ஈரத்துணியோடு போகிறவருக்கு அது தெரியவே வழியில்லை. மழைக்காலத்தில் இப்படி இறந்தவர்கள் பற்றிய செய்தி வராத வருஷம் இல்லை. ஒரு நைலான் கயிறு எவ்வளவு ஆகிவிடப் போகிறது? யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப் போய்ப் பிடித்து இழுக்காதீர்கள், முதலில் மெயினை இறக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும், குழந்தைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து சமையலறை. மாடுலர் கிச்சன் போடும்போது சிலிண்டரை மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் மறைக்கச் சொல்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து நிற்கும். மூடிய அலமாரிக்குள் கசிந்தால் வாசனை உங்களுக்கு எட்டுவதற்குள் உள்ளே நிறைய சேர்ந்திருக்கும். அலமாரிதான் வேண்டும் என்றால் கதவின் அடிப்பகுதியில் காற்று போக நல்ல இடைவெளியோ ஜாலியோ வையுங்கள், அதே அலமாரிக்குள் சுவிட்ச், பிளக் பாயின்ட் எதுவும் வேண்டாம். ஆச்சாரி கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய்க்கு ஆயுள் 5 வருஷம். குழாயிலேயே அச்சடித்திருக்கும், வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றலாம். கசிவு பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடவே தொடாதீர்கள். சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும்.

ஓதம் ஏறிய சுவருக்கு வருவோம். பெயின்ட் உப்பிப் பொரிகிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது, பொங்கலுக்கு முன் சுரண்டி, பட்டி பார்த்து, புது பெயின்ட். அடுத்த மழைக்கு அதே இடம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் செலவழிக்கும் பணம் அத்தனையும் வீண். கீழிருந்து ஏறினால் அஸ்திவார ஈரம், நடுச் சுவரில் என்றால் பின்பக்கம் பாத்ரூமா என்று பாருங்கள், கூரையோரம் என்றால் மொட்டை மாடி. மாடி வேலையைக் கோடையில் முடித்துவிட வேண்டும். மழை ஆரம்பித்தபின் ஈரத் தளத்தின் மேல் பூசும் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் பிடிக்காமல் ஏடு ஏடாக உரியும். பூசுவதற்கு முன்பு வாட்டம் சரியாக இருக்கிறதா, மழைக்குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் சில வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். தட்டோடு போட்ட மாடியில் சோலார் ஹீட்டர் ஸ்டாண்டுக்கும் கொட்டகைக் காலுக்கும் துளை போட்டுவிட்டு, பிறகு ஒழுகுகிறது என்று ஓடு பதித்த கொத்தனாரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

சீலிங்கில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கம்பி துருப்பிடித்துப் பருத்துத்தான் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது, மேலே சிமென்ட் அப்பினால் உள்ளே துருப்பிடிப்பது நிற்காது.

சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி பற்றி. இதைச் சத்தமாகவே சொல்ல ஆசை. மூடியே கிடந்த சம்புக்குள்ளும், புதிதாகக் கான்கிரீட் போட்ட தொட்டிக்குள்ளும் சுவாசிக்கக் காற்று இருக்கும் என்று நம்பாதீர்கள். ஈரமான சென்ட்ரிங் பலகை மட்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பலகை பிரிக்க இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் விழ, ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மூடிகளைத் திறந்து போட்டு, ஃபேன் அல்லது புளோயர் வைத்துக் காற்றை ஓட்டி, இடுப்பில் கயிறும் மேலே ஆளும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். பெட்ரோலில் ஓடும் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது, அதன் புகை கொல்லும். செப்டிக் டேங்க் என்றால் மனிதர் இறங்கும் பேச்சுக்கே இடமில்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, செய்யவைக்கும் வீட்டுக்காரரும் குற்றவாளிதான். கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி வரவழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். கடப்பா கல்லால் மூடியிருந்தால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், மேலே நிற்கும்போதுதான் அது உடையும்.

கடைசியாக டிரில்லிங் மெஷின். இப்போது எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் போகும் பாதை பெரும்பாலும் அதுதான். ஏசி குழாய்க்கு ஓட்டை போட வருகிறவர் பீமிலோ தூணிலோ மெஷினை வைக்கப் பார்த்தால் நிறுத்துங்கள், ஒரு அடி தள்ளிச் செங்கல் சுவரில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டு, உள்ளே கம்பி வெட்டுப்பட்டிருந்தால் சிமென்ட் வைத்து அடைப்பதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.